கோழி உண்ணி

கோழி உண்ணி என்பது கோழி, வான்கோழி, வாத்து, புறா முதலிய பறவைகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் ஒரு புற ஒட்டுண்ணி ஆகும். இதன் அறிவியற் பெயர் ஆர்காஸ் பெர்சிகஸ். எட்டுக்காலிகள் வகுப்பில் மென் உண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் வெப்பமான, வறண்ட நிலப்பகுதிகள் பலவற்றிலும் காணப்படுகிறது. இந்தியாவில் புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு இழப்பை உண்டாக்கும் உயிரினங்களுள் இதுவும் ஒன்று.

நீரில் அமிழ்த்துவதாலோ, துணியைக் குளிர்ந்த நீரில் துவைப்பதாலோ உண்ணிகள் எளிதில் இறப்பதில்லை. அவற்றைக் கொல்வது நீர் அன்று, வெப்பமே. கோழிக்கூட்டைக் கழுவுவோரும், கூட்டில் விரித்த சாக்கு, பழந்துணி ஆகியவற்றை மீண்டும் பயன்படுத்துவோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பெயரும் வரலாறும்

இவ்வுயிரினத்தை 1818 ஆம் ஆண்டில் செருமானிய இயற்கையியலாளர் ஓக்கன் பெயரிட்டு விவரித்தார். 'பெர்சிகஸ்' என்பது 'பாரசீகத்தைச் சேர்ந்த' எனப் பொருள்படும். பாரசீகத்தின் மியானே என்னும் ஊரில் தங்கும் வழிப்போக்கர்களை இரவில் கடித்து நோயுறச் செய்யும் பூச்சி என்று இது 19 ஆம் நூற்றாண்டுப் பயண நூல்களில் அச்சத்துடன் பேசப்பட்டது. அந்நோய் வேறு மென் உண்ணிகள் பரப்பும் மீள்காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் கருதப்பட்டது.

தமிழில் உண்ணி, பேன், தெள்ளுப்பூச்சி, செள் ஆகிய சொற்கள் பேச்சு வழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்படுவதுண்டு. இவை வெவ்வேறு உயிரினங்கள். பேனும் தெள்ளுப்பூச்சியும் ஆறு கால்கள் உடைய பூச்சிகள். உண்ணியும் செள் எனப்படும் நுண்ணிய சிற்றுண்ணியும் வளர்ந்த நிலையில் எட்டுக் கால்கள் உடையவை. கோழிப்பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடலிலேயே கழிக்கிறது. கோழி உண்ணியோ வாழ்நாளின் பெரும்பகுதியைக் கூட்டின் இடுக்குகளில் கழிக்கிறது. ஆதலால் ஒன்றுக்குரிய தீர்வு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

உடலமைப்பு

உண்ணிகள் வன் உண்ணிகள், மென் உண்ணிகள் என இரு பெருங்குடும்பங்களாகப் பிரிக்கப்படுகின்றன. மாடு, நாய் ஆகியவற்றின் மேல் காணப்படுபவை பெரும்பாலும் வன் உண்ணிகள். இவற்றின் முதுகில் கடினமான தகடு ஒன்று உண்டு. கோழி உண்ணிக்கு அத்தகைய தகடு இல்லை. அதன் தோல் சுருக்கங்கள் நிறைந்து, தோற்பை போன்று விரியக்கூடியது. வாயுறுப்புகள் உடலின் அடிப்புறத்தில் அமைந்திருப்பதால் மேலிருந்து பார்க்கும்போது தலைப்பகுதி தெரிவதில்லை.

வளர்ந்த உண்ணி முட்டை வடிவில், மிகத் தட்டையாக இருக்கும். ஆண் 4 முதல் 5 மி.மீ. நீளமும், பெண் ஏறத்தாழ 7 முதல் 10 மி.மீ. நீளமும் கொண்டவை. பசித்திருக்கும் உண்ணி செம்பழுப்பு நிறமாகவும், இரத்தம் குடித்தது நீலஞ்சார்ந்த கருநிறமாகவும் தோன்றும். தட்டையான உடல் காரணமாக மூங்கில் கணுவின் வெடிப்பு, சுவரின் பூச்சு விரிசல், சாக்கின் தையல் மடிப்பு போன்ற மிகக் குறுகிய இடங்களிலும் இது புகுந்துகொள்ளும்.

வாழ்க்கைச் சுழற்சி

முட்டை, இளவுயிரி, அணங்குப் பருவம், முதிர்வுயிரி என நான்கு நிலைகள் உண்டு.

பெண் உண்ணி ஒவ்வொரு முறை இரத்தம் குடித்த பின்னும் 25 முதல் 100 வரையிலான முட்டைகளை இடுக்குகளில் இடும். வாழ்நாளில் பலமுறை இவ்வாறு இடுவதால் மொத்த எண்ணிக்கை பல நூறுகளை எட்டும். வெப்பமான பருவத்தில் முட்டைகள் ஏறத்தாழ 6 முதல் 10 நாட்களில் பொரிக்கும். குளிர் மிகுந்த பருவத்தில் மூன்று மாதங்கள் வரை ஆகலாம்.

முட்டையிலிருந்து வரும் இளவுயிரிக்கு ஆறு கால்கள் மட்டுமே உண்டு. இது கோழியின் இறக்கைக்கு அடியில் அல்லது தோல் மெலிந்த பிற பகுதிகளில் ஒட்டிக்கொண்டு 5 முதல் 10 நாட்கள் வரை தொடர்ந்து இரத்தம் உறிஞ்சும். பின்னர் கீழே விழுந்து, இடுக்கில் ஒளிந்து, தோலுரித்து எட்டுக் கால்கள் கொண்ட அணங்காக மாறும். அணங்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தோலுரித்து முதிர்வடையும்.

அணங்குகளும் முதிர்ந்த உண்ணிகளும் இரவில் மட்டுமே வெளிவரும். உறங்கும் கோழியின் மேல் ஏறி, சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரம் வரை இரத்தம் குடித்துவிட்டு, விடியும் முன் இடுக்குகளுக்குத் திரும்பிவிடும். எனவே பகலில் கோழியைப் பிடித்துப் பார்ப்பவருக்கு உண்ணி தென்படாது. முதிர்ந்த உண்ணி உணவின்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ வல்லது. ஓராண்டுக் காலம் வெறுமையாகக் கிடந்த கூட்டில் புதிதாகக் கோழிகளை விடும்போது, சில நாட்களிலேயே தொல்லை மீண்டும் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

விளைவிக்கும் நோய்கள்

எண்ணிக்கை மிகும்போது இரத்த இழப்பாலேயே கோழிகள் சோகையுற்று மெலியும். முட்டையிடுதல் குறையும். குஞ்சுகள் இறப்பதும் உண்டு. இளவுயிரிகள் மிகுதியாக ஒட்டியிருக்கும் பறவைகளில் உண்ணி வாதம் எனப்படும் தளர்வு நோய் தோன்றலாம்.

இதனினும் கொடியது பறவைகளின் சுருளுயிரி நோய். பொரேலியா ஆன்செரினா என்னும் சுருள் வடிவ நுண்ணுயிரி இதற்குக் காரணம். இதனைச் சக்கரோவ் என்பார் காக்கேசியப் பகுதியின் வாத்துகளில் கண்டு 1891 ஆம் ஆண்டில் அறிவித்தார். 1903 ஆம் ஆண்டில் பிரேசிலில் மார்ஷூ, சலிம்பேனி ஆகிய இருவரும் கோழிகளில் இந்நோயை விவரித்து, உண்ணியின் வழியே அது பரவுவதைக் காட்டினர். நோய்க்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் செல்வதால், நோயுற்ற கோழிகளை அகற்றிய பின்னரும் கூட்டில் நோய் தங்கியிருக்கும்.

காய்ச்சல், உணவு வெறுப்பு, பச்சை நிறக் கழிச்சல், கொண்டை வெளிறுதல், கால் தளர்ச்சி ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றுட் சில வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயிலும் காணப்படுவதால், ஒன்றை மற்றொன்றாகத் தவறாகக் கருத இடமுண்டு. வெள்ளைக்கழிச்சல் வைரசால் வருவது. அதற்குத் தடுப்பூசி உண்டே தவிர மருந்து இல்லை. சுருளுயிரி நோயோ பென்சிலின் போன்ற எதிருயிரி மருந்துகளால் குணமாகக் கூடியது. தடுப்பூசி போட்ட கோழிகளும் இறக்கின்றனவே என்று தடுப்பூசியைக் குறை கூறுவதற்கு முன், கூட்டின் இடுக்குகளைச் சோதிப்பதும், காய்ச்சலுற்ற கோழியின் இரத்தப் பூச்சைக் கால்நடை மருந்தகத்தில் நுண்ணோக்கியால் பார்க்கச் செய்வதும் பயன் தரும்.

கோழி உண்ணி மனிதரை அரிதாகவே கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமும் அரிப்பும் ஏற்படலாம்.

திருத்தணி வட்டாரமும் கோழி உண்ணியும்

திருத்தணி தமிழ்நாட்டின் வட எல்லையில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள மலைக்கோயில் நகரம் ஆகும். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று இங்குள்ளது. ஆந்திர மாநிலத்தில் இருந்த இப்பகுதி, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கோடையில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான இடங்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுகிறது. பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பது இங்கு வழக்கம்.

வெப்பமும் வறட்சியும் கோழி உண்ணிக்கு ஏற்ற சூழலாகும். சேவலைக் கொடியில் கொண்ட தெய்வத்தின் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போன்றே, நாட்டுக்கோழி வளர்ப்பு வீட்டுப் பெண்களின் சிறுவருவாய்க்கு வழியாக உள்ளது. பகலில் மேய்ந்து திரியும் கோழிகள் இரவில் மூங்கில் பஞ்சாரத்திலோ, மண்சுவர்க் கூட்டிலோ அடைக்கப்படுகின்றன. மூங்கிற் பின்னலும் சுவர் விரிசலும் உண்ணிக்கு உறைவிடம் ஆகின்றன. நாமக்கல் பகுதியின் பெரும் முட்டைப் பண்ணைகளில் கோழிகள் கம்பிக்கூண்டுகளில் வளர்க்கப்படுவதால் உண்ணி ஒளிய இடம் குறைவு. இதனால் இச்சிக்கல் பெரிதும் புறக்கடை வளர்ப்போருக்கே உரியதாக நிற்கிறது.

எல்லையின் இருபுறமும் உள்ள சந்தைகளில் வாங்கப்படும் கோழிகளின் இறக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும் இளவுயிரிகள், ஊர்விட்டு ஊர் உண்ணி பரவும் முக்கிய வழியாகும். கோழியுடன் வரும் கூடையும் சாக்கும் மற்றொரு வழி.

ஆர். கே. பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. துணி உண்ணியின் உணவன்று என்பதால் தறியிலுள்ள துணிக்கு அதனால் சேதம் இல்லை. எனினும் அடைக்கோழிக்கு விரிக்கும் கழிவுத்துணியும் பழஞ்சேலையும் உண்ணிக்கு ஒளிவிடங்களாக அமையும்.

நீரில் தாங்கும் திறன்

உண்ணிகளின் உடலில் மூச்சுத்துளைகள் ஓர் இணை மட்டுமே உண்டு. ஓய்விலிருக்கும் உண்ணி பெரும்பாலான நேரம் இவற்றை மூடியே வைத்திருந்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் திறந்து காற்றை மாற்றிக்கொள்ளும். உடலின் நீர் ஆவியாகாமல் காப்பதற்கான இவ்வேற்பாடு, வெளியிலுள்ள நீர் உள்ளே புகாமலும் தடுக்கிறது. பசித்திருக்கும் உண்ணியின் உடலியக்கம் மிக மெதுவானது. அதற்குத் தேவைப்படும் உயிர்வளி மிகக் குறைவு. ஆகவே மூழ்கிய உடனே அது மூச்சுத்திணறி இறப்பதில்லை.

2011 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அந்நாட்டு நாய் உண்ணி நீருக்கடியில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் உயிருடன் இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வுண்ணியின் மூச்சுத்துளையைச் சுற்றியுள்ள நுண்துளைத் தட்டு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்து, நீரில் கரைந்துள்ள உயிர்வளியைப் பெற உதவுகிறது. வன் உண்ணிகளில் காணப்படும் இத்தகைய அகன்ற தட்டு கோழி உண்ணியில் இல்லை. ஆதலால் இரண்டு வாரம் என்னும் கணக்கை அப்படியே கோழி உண்ணிக்குப் பொருத்துதல் கூடாது. ஆயினும் மூடிய மூச்சுத்துளை, மெழுகு பூசிய தோல், குறைந்த உயிர்வளித் தேவை ஆகிய மூன்றும் அதற்கும் உண்டு. அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைப்பது அதனைக் கொல்லப் போதாது எனக் கொள்வதே பாதுகாப்பானது.

மேலும், நீரில் இட்ட பஞ்சாரத்தின் மூங்கில் வெடிப்புகளிலும் சாக்கின் மடிப்புகளிலும் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். அவற்றினுள் இருக்கும் உண்ணி உண்மையில் நனைவதே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கூடு முழுதும் நனைந்த பின்னும் உண்ணி எஞ்சியிருப்பது இதனால்தான். நீரில் கிடந்து அசைவற்றுப் போன உண்ணி இறந்துவிட்டதாகத் தோன்றினும், உலர்ந்த பின் மீண்டும் நகரத் தொடங்கலாம். எனவே அசைவின்மையை இறப்பின் அடையாளமாகக் கொள்ளுதல் தவறு.

கோழியைக் குளிப்பாட்டுவதாலும் ஒட்டியிருக்கும் இளவுயிரிகள் கழன்று விழுவதில்லை. அவற்றின் வாயுறுப்பு தோலில் பதிந்திருக்கும். குளிப்பாட்டுவது குஞ்சுகளுக்குக் குளிரால் தீங்கையும் விளைவிக்கலாம்.

துணி துவைத்தலும் உண்ணியும்

வன் உண்ணிகள் புல்நுனியில் காத்திருந்து ஆடையில் ஏறுவது போலக் கோழி உண்ணி ஏறுவதில்லை. கூட்டைத் தூய்மை செய்யும்போதும், கோணிப்பையைச் சுமக்கும்போதும், கூட்டின் அருகே தொங்கவிட்ட துணியிலும் அது தொற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. தொற்றியபின் தையல், இடுப்புப் பட்டை, நாடா மடிப்பு போன்ற இடங்களை நாடும்.

சலவையால் உண்ணிகள் இறக்கின்றனவா என்பதைச் சோதித்த ஆய்வுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர் ஜான் கரோல் 2003 ஆம் ஆண்டில் இரு வகை வன் உண்ணிகளின் அணங்குகளைத் துணிகளுடன் சலவை எந்திரத்தில் இட்டுச் சோதித்தார். வெந்நீர்ச் சுழற்சியிலும் பல உண்ணிகள் தப்பின. ஆனால் மிகு வெப்பத்தில் ஒரு மணி நேரம் இயங்கிய உலர்த்தும் எந்திரம் அனைத்தையும் கொன்றது. 2016 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 54 பாகை செல்சியசும் அதற்கு மேலும் வெப்பமுள்ள நீரில் துவைத்தபோது சோதித்த உண்ணிகள் அனைத்தும் இறந்தன. குளிர்ந்த நீரில் பெரும்பாலானவை தப்பின. உலர்ந்த துணியுடன் நேராக வெப்ப உலர்த்தியில் இட்டபோது சில நிமிடங்களில் இறந்த உண்ணிகள், ஈரத்துணியுடன் இட்டபோது ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை தாக்குப்பிடித்தன. ஈரம் ஆவியாகும் வரை துணியின் வெப்பநிலை உயராமையே இதற்குக் காரணம்.

இவ்விரு ஆய்வுகளும் வன் உண்ணிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. வறட்சியைத் தாங்குவதில் மென் உண்ணிகள் அவற்றை விஞ்சியவை. ஏ. டி. லீஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1947 ஆம் ஆண்டில் உண்ணித் தோலின் மெழுகுப் படலத்தை ஆராய்ந்தார். ஐரோப்பாவின் ஈரநிலத்து வன் உண்ணி ஒன்றில் 32 பாகை அளவிலேயே இப்படலத்தின் நீர்காக்கும் திறன் குலைவதையும், பாலைநிலத்து மென் உண்ணி ஒன்றில் அது 75 பாகை வரை தாங்குவதையும் அவர் காட்டினார். ஆகவே கோழி உண்ணியைப் பொறுத்தவரை, மிதமான வெப்பத்தில் உலர்த்துவதை நம்பாமல், கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தைப் பயன்படுத்துவதே தக்கது.

தமிழ்நாட்டில் வழங்கும் சலவை முறைகளை இந்நோக்கில் பின்வருமாறு மதிப்பிடலாம்.

• குளத்திலோ கிணற்றடியிலோ துவைகல்லில் அடித்துத் துவைத்தல்: சில உண்ணிகள் நசுங்கலாம், சில கழன்று நீரோடு போகலாம். மடிப்பினுள் உள்ளவை தப்பும்.

• சவர்க்காரத் தூளில் ஊறவைத்தல்: சவர்க்காரம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நீர் இடுக்குகளில் எளிதாகப் புகும். ஆயினும் குளிர்ந்த நீரில் இதனை மட்டும் நம்புதல் இயலாது.

• குழாய் நீரில் இயங்கும் சலவை எந்திரம்: நீரைச் சூடாக்காத எந்திரத்தில் உண்ணிகள் தப்ப வாய்ப்பு மிகுதி. நீர் சூடாக்கும் வசதியுள்ள எந்திரத்தில் 60 பாகைக்கு மேற்பட்ட சுழற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

• 'டிரையர்' எனப்படும் சுழல் தொட்டி: இரட்டைத் தொட்டி எந்திரங்களில் இப்பெயரால் வழங்குவது துணியைச் சுழற்றி நீரைப் பிழிவது மட்டுமே செய்கிறது. அதில் வெப்பம் இல்லை. மேற்கண்ட ஆய்வுகள் கூறும் வெப்ப உலர்த்தி வேறு, இது வேறு.

• வெள்ளாவி வைத்தல்: உவர்மண் தோய்த்த துணிகளை அடுக்கி, கீழே நீரைக் கொதிக்கவைத்து நெடுநேரம் ஆவியில் வேகவிடும் வண்ணார் தொழில்முறை இது. நீராவி மடிப்புகளுக்குள்ளும் ஊடுருவுவதால் உண்ணி, முட்டை, பேன் யாவும் அழியும். தொற்று நீக்கும் முறைகளுள் இதனை ஒத்த பயனுடையவை சிலவே.

• கொதிநீரில் இடுதல்: வீட்டளவில் வெள்ளாவிக்கு ஈடானது. துணி முழுதும் அமிழ்ந்து, உட்புறம் வரை சூடேறும்படி புரட்டிவிட வேண்டும்.

• வெயிலில் உலர்த்துதல்: நேர் வெயிலில் கல்லின் மேல் பரப்பிய மெல்லிய துணி காற்றைவிட மிகுதியாகச் சூடேறும். ஆனால் உண்ணி நகரும் உயிர் ஆதலால் நிழலான அடிப்புறத்துக்குச் சென்றுவிடும். இது துணை முறையே அன்றி முழுத் தீர்வு ஆகாது.

• இஸ்திரி போடுதல்: பருத்தித் துணிக்குரிய வெப்பத்தில் தையல்களின் மேல் அழுத்தித் தேய்த்தால் உண்ணி இறக்கும்.

விலை குறைந்த சாக்கையும் கந்தலையும் துவைத்துப் பயன்படுத்துவதைவிட எரித்துவிடுவது சிறந்தது.

கட்டுப்படுத்தும் முறைகள்

பறவை, கூடு ஆகிய இரண்டையும் ஒரே காலத்தில் கவனிக்காவிடில் உண்ணி ஒழியாது.

• கூட்டின் விரிசல்களைச் சுண்ணாம்பு அல்லது சிமெண்டுச் சாந்தால் அடைத்தல் வேண்டும். மரச்சட்டங்களுக்கு மாற்றாக இரும்புக் குழாய்களை அமைத்தால் ஒளிவிடம் குறையும்.

• பஞ்சாரத்தை வெறும் நீரில் ஊறவைப்பதற்குப் பதிலாகக் கணுக்களிலும் பின்னல்களிலும் கொதிநீரை ஊற்றவேண்டும். அடிக்கூளத்தை எரித்துவிட வேண்டும்.

• புதிதாக வாங்கிய கோழிகளை ஏறத்தாழ 10 நாட்கள் தனியே வைத்திருந்தால், ஒட்டியிருக்கும் இளவுயிரிகள் அங்கேயே விழுந்துவிடும். பின்னர் அவ்விடத்தின் கூளத்தை எரித்து, தரையிலும் சுவர் இடுக்குகளிலும் கொதிநீர் ஊற்றவேண்டும்.

• இரவில் விளக்குடன் சென்று கோழிகளின் கால்களையும் கூட்டின் சுவர்களையும் பார்ப்பது உண்ணி இருப்பதை அறிய எளிய வழி.

• பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் இடுக்குகளில் தெளிக்கப்படுகின்றன. மருந்தின் அளவு, முட்டையையும் இறைச்சியையும் உண்ணாது தவிர்க்க வேண்டிய நாட்கள் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் கட்டாயம். உண்ணி முட்டைகள் மருந்துக்குத் தப்புவதாலும், பசித்த உண்ணி நெடுங்காலம் ஒளிந்திருப்பதாலும் ஒருமுறை தெளித்தல் போதாது.

• வேப்பெண்ணெய், வசம்பு, பூண்டு, மஞ்சள், உண்ணிச்செடியின் இலை ஆகியவை கால்நடை உண்ணிகளுக்கு எதிரான மரபு மருந்துகளில் இடம்பெறுகின்றன. இவை கூட்டின் தூய்மைக்கு மாற்றாகா.

தமிழ்நாட்டில் இத்துறைக்கான கல்வியும் ஆய்வும் 1903 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், அதனை உள்ளடக்கி 1989 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும் நடைபெறுகின்றன. திருத்தணிக்கு வடக்கே திருப்பதியில் சிறீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

• உண்ணி
• நாட்டுக்கோழி
• வெள்ளைக்கழிச்சல் நோய்
• வெள்ளாவி
• திருத்தணி